சீட்டு சரியில்லை

இரண்டு வருடங்களாக, நான் பாலம் கட்டுகிறவர்களின் சங்கத்துக்குப் போய்வருவதாக அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். நான் பொய் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சட்டையை மாட்டும்போது "எங்கப்பா கெளம்பிட்ட?" என்பாள். "பிரிட்ஜ் கிளப்மா" என்பேன். நான் படித்தது சிவில் இன்ஜினியரிங். கேம்பஸுக்கு வந்த ஐடி கம்பெனிகள் யார், என்ன படிப்பு என்று பார்க்காமல் அள்ளிக்கொண்டு போன வருடத்தில் நானும் அள்ளப்பட்டேன். படித்த படிப்பு வீணாகிவிட்டதே என்ற ஆற்றாமை அவளுக்கு உண்டு. வாரத்தில் ஒருநாளாவது பையன் பாலத்தைப் பற்றிப் பேசிவிட்டு வருகிறான் என்பதில் ஒரு ஆறுதல். பக்கத்து ஃபிளாட் அக்காவிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறாள். நான் அதைக் கலைக்கவில்லை. பொய் என்றால் அதுதான்.

பிரிட்ஜ் ஒரு சீட்டாட்டம். எங்கள் வீட்டில் சீட்டு என்பது சொல்லக்கூடாத வார்த்தை.

*

அப்பா திருச்சியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தார். முதல் ஷிப்ட் முடிந்தால் சைக்கிள் நேராக மனமகிழ் மன்றத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. வாசலில் பதிவு எண் எழுதிய போர்டு, உள்ளே ட்யூப்லைட், மேசைகள், ரம்மி. அவருக்குக் குடி கிடையாது, பீடி சிகரெட் கிடையாது. "எங்க வீட்டுக்காரருக்கு ஒரு கெட்ட பழக்கமும் இல்ல, சீட்டு மட்டுந்தான்" என்று அம்மா சொல்வாள். அந்த 'மட்டுந்தான்' என்பதற்குள் அவளுடைய ஏழு பவுன் இருந்தது.

தோற்ற நாள் எது, ஜெயித்த நாள் எது என்று செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே எனக்குத் தெரியும். தோற்ற நாளில் கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் கால் கழுவுவார். அம்மா ஒன்றும் கேட்கமாட்டாள். தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் அவரே சொல்வார்: "இன்னிக்கி சீட்டு சரியில்ல." ஜோக்கரே வரவில்லை, ஒரு சீக்வன்ஸ் சேரவில்லை, ஸ்கூட் விட்டே பணம் கரைந்துவிட்டது என்று விவரம் தொடரும். ஜெயித்த நாளில் சீட்டைப் பற்றிப் பேச்சே வராது. அன்றைக்கு அவர் ஆடியிருப்பார். தோற்ற அன்றைக்குச் சீட்டு ஆடியிருக்கும்.

எனக்கு அந்த வாக்கியம் பிடித்துப்போனது. எட்டாம் வகுப்பில் கணக்கில் மார்க் குறைந்தபோது "கொஸ்டின் பேப்பர் சரியில்ல" என்றேன். அம்மா என்னை அடித்த ஒரே நாள் அது. மார்க்குக்காக அடித்தாள் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

அப்பாவிடம் சட்டமும் கைவசம் இருந்தது. "சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு. ரம்மி சூதாட்டம் இல்ல, தெறம." செகந்திராபாத்தில் ஒரு மன்றத்தின் மீது போடப்பட்ட வழக்கில் 1967-இல் வந்த தீர்ப்பு அது. மன்றத்தில் எல்லோருக்கும் அது மனப்பாடம். அப்பா இறந்தபிறகு ஒரு இரவு தூக்கம் வராமல் அந்தத் தீர்ப்பைத் தேடி வாசித்தேன். விழுந்த சீட்டுகளை ஞாபகத்தில் வைத்து, எதைச் சேர்ப்பது எதைக் கழிப்பது என்று யோசித்து ஆட வேண்டியிருப்பதால் ரம்மியில் திறமையே மேலோங்கி நிற்கிறது என்று அது சொல்கிறது. கூடவே ஒரு ஒப்பீடும் இருந்தது. ரம்மியில் இருக்கும் அதிர்ஷ்டம், பிரிட்ஜில் சீட்டைப் பிரித்துப் போடும்போது இருக்கிற அதிர்ஷ்டம் எப்படியோ அப்படிப்பட்டதுதான் என்று. அப்பாவின் ஆட்டத்துக்குச் சாட்சி சொல்ல வந்த ஆட்டம் பிரிட்ஜ்! அதை வாசித்தபோது நான் பிரிட்ஜ் ஆட ஆரம்பித்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

ரம்மி பிறகு கைப்பேசிக்குள் வந்தது. 2022-இல் தமிழ்நாடு சட்டம் போட்டது. 2023-இல் உயர் நீதிமன்றம் ரம்மி திறமை ஆட்டம் என்று மறுபடி சொன்னது. 2025-இல் ஒன்றிய அரசு, திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஓரமாக வைத்துவிட்டு, காசு கட்டி ஆடும் இணைய விளையாட்டு எல்லாவற்றையும் தடை செய்தது. அம்மா அந்தச் செய்தியை டிவியில் பார்த்துவிட்டு "இத முப்பது வருசம் முன்னாடி செய்யக்கூடாதா" என்று மட்டும் சொன்னாள்.

*

எனக்குப் பிரிட்ஜ் வந்தது ஊரடங்கில். எங்கள் அடுக்ககத்தின் மேல்மாடியில் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற சார் ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். கிளப் மூடிக்கிடந்ததால் இணையத்தில் ஆடலாம் என்று முடிவு செய்து, லேப்டாப்பில் லாகின் ஆகவில்லை என்று என்னைக் கூப்பிட்டார். சரிசெய்து கொடுத்துவிட்டுப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தேன். ஒருநாள் "ஒக்காருங்க தம்பி, நாலாவது ஆள் வரல" என்றார். உட்கார்ந்தேன்.

ஊரில் இருபத்தெட்டு ஆடியவர்களுக்குப் பாதி பிரிட்ஜ் இப்போதே தெரியும். நாலு பேர், எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டாளிகள். ஏலம் கேட்டுத் துருப்பு எது, எத்தனை பிடி எடுப்பது என்று முடிவாகும். இதில் ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. ஏலம் எடுத்தவரின் கூட்டாளி தன் சீட்டுகளை மேசைமேல் விரித்து வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அவருக்கு டம்மி என்று பெயர். கூட்டாளியிடம் பேசக்கூடாது, முகத்தைச் சுளிக்கக்கூடாது. ஏலத்தில் கேட்கும் எண்ணும் போடுகிற சீட்டும்தான் பேச்சு. இன்றைய வடிவத்துக்கான கணக்கை ஹெரால்ட் வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கப் பணக்காரர் 1925-இல் பனாமா கால்வாய் வழியாகப் போன கப்பலில் போட்டுப்பார்த்தார் என்பார்கள். நம் ஆட்களும் நன்றாகவே ஆடுகிறார்கள். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 60 வயது பிரணாப் பர்தனும் 56 வயது ஷிப்நாத் சர்க்காரும் தங்கம் வாங்கியபோது, சீட்டாட்டத்துக்கு மெடலா என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

என்னைப் பிடித்து நிறுத்தியது ஏலமோ துருப்போ இல்லை. குழு ஆட்டம்.

குழு ஆட்டத்தில் ஒரு அணிக்கு நாலு பேர். இரண்டு பேர் இந்த அறையில் ஆடுவார்கள், இரண்டு பேர் பக்கத்து அறையில். இந்த அறையில் ஒரு கை ஆடி முடிந்ததும் சீட்டுகளைக் கலைப்பதில்லை. அவரவர் சீட்டை அவரவர் திசைக்குரிய பள்ளத்தில் செருகி, போர்டு என்கிற அந்தத் தட்டைப் பக்கத்து அறைக்கு அனுப்புவார்கள். அங்கே அதே ஐம்பத்திரண்டு சீட்டும் அப்படியே ஆடப்படும். ஆனால் நான் பிடித்த சீட்டுகளை அங்கே எதிரணி ஆள் பிடிப்பார், எதிரணியின் சீட்டுகளை என் அணி ஆள் பிடிப்பார். கடைசியில் இரண்டு அறைக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். வித்தியாசம்தான் புள்ளி. எனக்கு மட்டமான சீட்டு வந்தால் அங்கேயும் ஒருவனுக்கு அதே மட்டமான சீட்டுதான். 1857-இல் லண்டனில் கேவண்டிஷ் என்ற பெயரில் எழுதிய ஹென்றி ஜோன்ஸ், பிரிட்ஜின் பாட்டியான விஸ்ட் ஆட்டத்தில் இதைச் சோதனையாகச் செய்தார். நன்றாக ஆடுகிறவர்களை ஒருபக்கமும் சுமாரானவர்களை ஒருபக்கமும் வைத்து, அதே சீட்டுகளை இரண்டு மேசையில் ஆடவிட்டார். அதிர்ஷ்டத்தைக் கழித்துவிட்டால் மீதி என்ன என்று பார்க்க.

எங்கள் கிளப்பில் இப்போது சீட்டைக் கணினி நிரல் பிரிக்கிறது. எனக்கு அதில் தொழில்முறை ஆர்வம். ஐம்பத்திரண்டு சீட்டை நாலு பேருக்குப் பிரிக்கும் வழிகளை எழுதினால் 29 இலக்க எண் வரும். அத்தனையையும் தொட ஒரு நிரலுக்கு 96 பிட் அளவுக்காவது தற்செயல் வேண்டும். 32 பிட்டில் ஆரம்பித்தால் 429 கோடி கைகள்தான் வரும், மற்றவை பிறக்கவே பிறக்காது. சாரிடம் இதை மூச்சுவிடாமல் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த 429 கோடியில ஒண்ண நீங்க ஒழுங்கா ஆடுங்க தம்பி, மத்தத அப்பறம் பாத்துக்கலாம்" என்றார்.

*

இந்த வருட ஆண்டுவிழாவில் எனக்கு 'ஆண்டின் புதுமுகம்' பரிசு என்று சார்தான் முதலில் சொன்னார். முப்பத்தாறு வயதில் புதுமுகம். அங்கே அறுபதுக்குக் கீழே இருக்கிறவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். "வீட்ல அம்மாவையும் கூட்டிட்டு வாங்க" என்று லிஃப்டில் அம்மாவின் எதிரிலேயே சொல்லிவிட்டார். அம்மா அன்று மாலையே பட்டுப்புடவையை எடுத்து வெளியே போட்டாள்.

கார் கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது சொன்னேன். வேறு எங்கே சொல்வது.

"காசு வச்சா?"

"காசு கெடையாதும்மா."

"காசு வெக்காம எவன் சீட்டாடுவான்?"

மேம்பாலம் இறங்கும்வரை அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை. இறங்கியதும் வண்டியைத் திருப்பச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

கிளப் என்பது ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடி. ஒரு ஹால், ஒட்டினாற்போல் ஒரு சின்ன அறை. ஆண்டுவிழாவின் முதல் நிகழ்ச்சி மௌன அஞ்சலி. அந்த வருடம் மூன்று பேர். போட்டோக்கள் வைத்திருந்த மேசை வாராவாரம் அவர்கள் உட்கார்ந்து ஆடிய அதே மேசை. பிறகு செயலாளர் கணக்கு வாசித்தார். ஏசி ரிப்பேருக்கு ஆன செலவு பற்றி ஒருவர் கேள்வி கேட்டார். எல்லா வருடமும் அவர் கேட்பாராம். பிறகு பரிசுகள். ஆண்டின் சிறந்த ஜோடிக்கு ஒரு கோப்பை. அதை வாங்கிய இருவரும் நாற்பது வருடமாக ஜோடி, மேசைக்கு வெளியே பேசிக்கொள்வதில்லை என்று சார் காதில் சொன்னார். அதிக நாள் வந்தவருக்கு ஒரு பரிசு. அதை வாங்கிய அம்மாளுக்கு எண்பத்தோரு வயது. படி ஏறுவதற்கே அவருக்குப் பத்து நிமிடம் ஆகும்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒரு சாண் உயரக் கோப்பை, நடுவில் பெரிதாக ஒரு இஸ்பேட். கை தட்டும் கூட்டத்தில் அம்மாவைத் தேடினேன். அவள் பார்வை மேடையில் இல்லை. சுவரோரம் அடுக்கியிருந்த சீட்டுத் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு, தயிர் சாதம், குலாப் ஜாமூன். சாப்பிட்டதும் குழு ஆட்டம். ஜோடிகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு எட்டு அணியாக்கினார்கள். எனக்கும் சாருக்கும் கூட வந்தது, மேசைக்கு வெளியே பேசிக்கொள்ளாத அந்த ஜோடி. இரண்டு சுற்று ஜெயித்தோம். நான் எதையும் பெரிதாகச் செய்யவில்லை. தப்பு செய்யவில்லை, அவ்வளவுதான். இறுதிச் சுற்றுக்கு எட்டு போர்டு. தோற்றவர்களும் குடும்பத்தினரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். எண்பத்தோரு வயது அம்மாள் என் அம்மாவின் கையைப் பிடித்து அழைத்துவந்து எனக்குப் பின்னால் உட்காரவைத்தார். இவ்வளவு நேரம் இருவரும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

எட்டாவது போர்டு. துருப்பில்லாமல் ஒன்பது பிடி எடுக்கிறேன் என்று ஏலம் எடுத்தேன். சார் தன் சீட்டை விரித்தார். எண்ணிப் பார்த்தேன், எட்டு பிடி உறுதி. ஒன்று வேண்டும். எதிரணி ஆர்ட்டினில் ஆரம்பித்து என் காவலை உடைத்துவிட்டிருந்தது. ஆட்டம் ஒருமுறை அவர்கள் கைக்குப் போனால் ஆர்ட்டின்களாக இறக்கித் தீர்த்துவிடுவார்கள்.

ஒன்பதாவது பிடிக்கு இரண்டு வழி இருந்தது. டம்மியில் டைமன் ஏஸும் ராணியும் இருந்தன. ராஜா எனக்கு இடதுபக்கம் இருந்தால் ராணியும் ஒரு பிடி. வலதுபக்கம் இருந்தால் செத்தேன். சரிபாதி வாய்ப்பு, 50 சதவீதம். இன்னொரு வழி கிளாவர். டம்மியில் ஏஸ், ராஜா, ராணி, ஒரு பொடி, என்னிடம் மூன்று பொடி. வெளியே ஆறு கிளாவர். அது இரண்டு பேரிடமும் மூன்று மூன்றாகப் பிரிந்திருந்தால் டம்மியின் பொடி கிளாவரும் பிடியாகிவிடும். அதற்கு 36 சதவீதம். இந்த எண்கள் எனக்குத் தூக்கத்திலும் தெரியும்.

50 பெரிது, 36 சிறிது. டைமனை எடுத்தேன்.

அந்த ஒரு நொடியைப் பற்றி நான் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். கணக்குப் போட்டுத்தான் ஆடினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அம்மா பின்னால் இருக்கிறாள் என்பது முதுகில் தெரிந்தது. ஒரே அடியில் முடித்து அவளைத் திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. டைமனைப் போடும்போது காதுமடல் சூடானது. அந்தச் சூடு சுகமாக இருந்தது. இத்தனை வருடத்தில் ஒரு கணினி நிரலும் எனக்கு அதைத் தந்ததில்லை.

ராணியைப் போட்டேன். வலதுபக்கத்துக்காரர் ராஜாவை வைத்தார். பிறகு ஆர்ட்டின், ஆர்ட்டின், ஆர்ட்டின். ஒரு பிடி குறைந்து தோற்றது.

சார் ஒன்றும் சொல்லவில்லை. சீட்டை அடுக்கிப் போர்டில் செருகினார். யாரும் எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்து, யாரையும் பார்க்காமல், "ப்ச், சீட்டு சரியில்ல."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. பின்னால் அம்மாவின் வளையல் சத்தம் நின்றது.

போர்டு பக்கத்து அறைக்குப் போனது. கால் மணிநேரத்தில் எங்கள் அணியின் மற்ற இருவரும் கணக்குத் தாளோடு வந்தார்கள். ஒவ்வொரு போர்டாக வாசித்தோம். எட்டாவது வந்தது.

"மைனஸ் அம்பது" என்றேன்.

"எங்களுக்கு மைனஸ் நானூறு" என்றார் அவர். அங்கே என் சீட்டைப் பிடித்தவர் ஒன்பது பிடி எடுத்திருந்தார். பத்துப் புள்ளி போனது. இறுதிச் சுற்றை நாலு புள்ளியில் தோற்றோம்.

படி இறங்கும்போது சார் கணக்குத் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதிக் காட்டினார். கிளாவரை முதலில் மூன்று சுற்று இறக்கிப் பார்த்திருக்கலாம். மூன்று மூன்றாகப் பிரிந்திருந்தால் வேலை முடிந்தது, டைமனைத் தொடவே வேண்டாம். பிரியாவிட்டால் அப்புறம் டைமன் இருக்கவே இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய 68 சதவீதம். கிளாவர் அன்றைக்கு மூன்று மூன்றாகத்தான் பிரிந்திருந்தது. பக்கத்து அறைக்காரர் மேதை இல்லை. அவசரப்படவில்லை, அவ்வளவுதான். எது பெரியது என்று நான் கேட்டுக்கொண்டேன். எதை முதலில் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

"போன வருசம் இதே தப்ப நானும் பண்ணேன் தம்பி" என்றார் சார். அது உண்மையா என்று தெரியாது. அவர் அப்படிச் சொல்லக்கூடியவர்.

*

திரும்பும்போது கோப்பை அம்மாவின் மடியில் இருந்தது. கிண்டி தாண்டியதும் பேசினாள்.

"உங்கப்பா கொரலு மாதிரியே இருந்துச்சு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அந்தம்மா சொன்னாங்க. பக்கத்து ரூம்லயும் இதே சீட்டுதானாமே?"

"ஆமாம்மா."

"அப்ப யாரும் சீட்டு மேல பழி போட முடியாது."

"முடியாது."

கொஞ்சநேரம் கழித்து அவளே தொடர்ந்தாள். "நம்ம லைன்ல எட்டு வீடு. எட்டு பேருக்கும் ஒரே கம்பெனி, ஒரே சம்பளம். கடைசி வீட்டு அக்கா மாடி எடுத்துட்டாங்க. எதுத்த வீட்ல ரெண்டு பொண்ணையும் கட்டிக் குடுத்துட்டாங்க. நான் தெனமும் கணக்குப் பாப்பேன்."

இரண்டு வருடம் நான் அவளிடமிருந்து மறைத்த ஆட்டத்தை அவள் முப்பது வருடமாக ஆடிக்கொண்டிருந்திருக்கிறாள். எட்டாம் வகுப்பில் விழுந்த அடி எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினேன். என்னிடம் இருந்ததெல்லாம் 36, 50, 68.

கார் எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது அம்மா சொன்னாள். "ஆனா அவருக்கு மூணு தங்கச்சி. அப்பா இல்ல. பதினெட்டு வயசுல வேலைக்கிப் போனாரு. லைன்ல வேற யாருக்கும் அது இல்ல." கோப்பையைத் தலைப்பால் ஒருமுறை துடைத்தாள். "சீட்டும் கொஞ்சம் சரியில்லதான்."

அப்பா இறந்த ஆறு வருடத்தில் அவள் அவர் பக்கம் நின்று பேசி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

வீட்டுக்குள் போனதும் கோப்பையை டிவிக்குப் பக்கத்தில், என் காலேஜ் போட்டோவை ஒட்டி அவளே வைத்தாள். மறுநாள் காலையில் காபியோடு ஹாலுக்கு வந்தபோது கவனித்தேன். கோப்பை அதே இடத்தில்தான் இருந்தது. இஸ்பேட் மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

நான் அதைத் திருப்பி வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சட்டையை மாட்டும்போது அம்மா அடுக்களையிலிருந்து கேட்டாள்: "சீட்டாடவா?"

"ஆமாம்மா" என்றேன்.

"கிளாவர மொதல்ல பாரு."